அத்தானின் காரில் ஒரு கிணுகிணு

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஊரில் உள்ள காதுகளையெல்லாம் சோதிப்பவர். காது, மூக்கு, தொண்டை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு கூண்டு இருக்கிறது. அதற்குள் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, அவர் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். ஆனால் மனுஷன் சும்மா இருப்பானா? கேட்காத சத்தத்துக்கெல்லாம் கௌரவத்துக்காக அழுத்துவான். அத்தான் அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பார். ஆனாலும் முகம் சுளிக்க மாட்டார்.

"பரவாயில்லைங்க, நான் இன்னும் சத்தமே குடுக்கல" என்பார், மெதுவாக.

எல்லாமே அவருக்கு மெதுவாகத்தான். அவர் கதவை மூடினால் மூடியது தெரியாது. தும்முவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இரண்டே கதவு, தரையைத் தடவுகிற உயரம், ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த நிறம். கல்யாணத்துக்கு முன்னால், அதுவும் யாரோ ஓட்டிச் சலித்த பிறகு வாங்கியது. தூரத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் காதுகளைச் சோதிக்க மெஷினோடு அலைந்து அலைந்தே நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். ஓட்டுகிற வேகத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. சைக்கிள்காரர்கள் அந்தக் காரை முந்திவிட்டு, பாவமே என்று திரும்பிப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். சிக்னலில் நின்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டிக்கு ஓய்வாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பின்னால் இருக்கை என்ற பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்காருகிறவன் நான்தான். எனக்கு நேர் கீழே சைலன்சர். வண்டி ஓடுகிற வரைக்கும் உலகத்தில் வேறு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி கத்தியே பழகியவன். ஆனாலும் அந்தச் சைலன்சரிடம் தோற்றுவிடுவேன்.

அக்கா நெசவு மில்லில் மேற்பார்வையாளர். இருநூறு தறிகள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே வாய்விட்டுப் பேசிப் பிரயோசனமில்லை. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். தறிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மேனேஜரை வைதால், இந்தப் பக்கம் நாலு பேர் சிரிப்பார்கள். யாராவது திரும்பியே பார்க்காவிட்டால் ஊதுவதற்கு அக்காவின் கழுத்தில் ஒரு எவர்சில்வர் விசில் தொங்கும். அதை ஒருநாள் எங்கேயோ தொலைத்துவிட்டு, மில்லையே இரண்டாக்கி, கடைசியில் வேறொன்று வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அந்தக் காலத்தில்தான் காரில் சத்தம் ஆரம்பித்தது.

"கிணுகிணுன்னு கேக்குது. வளைவுல திரும்பும்போது மட்டும். உன் பக்கம்தான்" என்றார் அத்தான் அக்காவிடம்.

"ஒரு சத்தமும் இல்ல" என்றாள் அக்கா.

என்னைக் கேட்டார்கள். சைலன்சர் மேல் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் எப்போதும்போல அக்கா கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அத்தான் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிபண்ணிரலாம்'. எந்த வண்டி வந்தாலும், எந்தக் கோளாறைச் சொன்னாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். நாள் முழுக்கத் தகரத்தைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிற பட்டறை அது. அவர் காரைத் தூக்கி, அக்கா உட்காருகிற பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் புஷ் உளுத்துப்போய்க் கையோடு வந்தது.

"பாத்தீங்களா சார்? இதுதான்" என்று கத்தினார்.

புஷ்ஷை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. பால் ஜாயிண்டைக் கழற்றினார்கள். அதுவும் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினார்கள். வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுண்ட் என்று கை நீண்டுகொண்டே போனது. நாலு லட்சம் ஓடிய வண்டியில் எதைக் கழற்றினாலும் அது தேய்ந்துதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் குற்றவாளியைப் பிடித்துவிட்ட திருப்தி இரண்டு பேருக்கும் கிடைத்தது. கிணுகிணு மட்டும் அப்படியே இருந்தது. புது ஷாக் அப்சார்பர் போட்ட பிறகு இன்னும் தெளிவாகக் கேட்பதாக அத்தான் சொன்னார்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தான் பட்டறையில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களை ஏற்றிக்கொண்டு, வளைவாகப் பார்த்துப் பார்த்து ஊரைச் சுற்றுவார். எங்காவது ரவுண்டானா இருந்தால் மூன்று சுற்று. முன்னால் அவருடைய உதடு அசைவது எனக்குக் கண்ணாடியில் தெரியும். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கம்மென்று வருவாள். வீட்டில் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் வாய் ஓயாதவள், காரில் ஏறிவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சக்களத்தி மாதிரி வந்து வாய்த்த காரின் மடியில் உட்கார்ந்து போகிறவளுக்குப் பேச்சு எப்படி வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கியர் பெட்டியை இறக்கப்போவதாக அத்தான் அறிவித்த அன்று அக்கா பொங்கிவிட்டாள்.

"என்னங்க, நான் ஒண்ணு கேக்குறேன். எனக்குக் கேக்கல. இவனுக்குக் கேக்கல. அந்த மெக்கானிக்குக்கும் கேக்கல. உங்க ஒருத்தருக்கு மட்டும் கேக்குது. அப்ப கோளாறு கார்லயா, காதுலயா?"

அத்தான் முகம் செத்துவிட்டது. காது சோதிக்கிறவரின் காதே போனால் வேலையும் போகும். அவருக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்திருக்கும்போல.

"உங்க கூண்டுலயே போய் உக்காருங்க. காது சரியில்லைன்னு வந்தா, காரைப் பல் டாக்டருக்குக் குடுத்துடணும். சரியா இருந்தா, இனிமே காரைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள் அக்கா. பல் டாக்டர் அதே ஆஸ்பத்திரியின் மாடியில் இருப்பவர். காரைப் பார்க்கும்போதெல்லாம் அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்.

"சரி" என்றார் அத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குப் புரிந்தது. அந்தக் கார் போனால் மனிதர் பாதியாகிவிடுவார்.

மறுநாள் மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். அத்தான் கூண்டுக்குள் ஏறினார். அவருக்கு உதவியாக இருக்கும் நர்ஸம்மா மெஷினை இயக்கினார். தில்லுமுல்லு நடக்காமல் பார்த்துக்கொள்ள நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். நர்ஸம்மா சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தார். மெஷினில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"சின்னப் பையன் காது மாதிரி இருக்கு சார் உங்களுக்கு" என்றார் நர்ஸம்மா.

தோல்வியை ஒப்புக்கொள்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"யார் காதுல பூ சுத்துறீங்க? மெஷின் ரிப்பேர்" என்றாள் அக்கா.

"அப்ப நீயே உக்காந்து பாரு" என்றார் அத்தான், ஜெயித்தவரின் சிரிப்போடு.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். அத்தான் மெஷின் முன்னால் அமர்ந்தார். கனமான சத்தங்களுக்கு விளக்கு டக்டக்கென்று எரிந்தது. அப்புறம் மெல்லிய, கூர்மையான சத்தங்களுக்கு வந்தார். விளக்கு எரியவில்லை. அத்தான் குமிழைத் திருகினார். எரியவில்லை. இன்னும் திருகினார். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எப்போதுதான் ஆரம்பிப்பார்கள் என்று காத்திருப்பவளாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அத்தானின் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தார். வயரை மாற்றினார். மறுபடியும் மாட்டிவிட்டு வந்து குமிழைத் திருகினார். தாளில் விழுந்த கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், சட்டென்று கீழே இறங்கியது. மேட்டுநிலம் செங்குத்தாக முடிகிற இடம் படத்தில் எப்படி இருக்கும் என்பது பூகோளம் நடத்துகிற எனக்குத் தெரியாதா?

அக்கா வெளியே வந்தாள். அத்தான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன்னுடைய வழக்கமான குரலில், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பதில் இல்லை.

அத்தான் திரும்பி நின்று மறுபடியும் கேட்டார்.

"டீயெல்லாம் அப்புறம். முதல்ல ரிசல்ட்டைச் சொல்லுங்க" என்றாள்.

ஊர் காதையெல்லாம் பார்த்தவர், வீட்டில் ஒருத்தி உதட்டை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் பேசினால்தான் நாலு தெருவுக்குக் கேட்குமே.

அத்தான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னதுதான் சரி. மெஷின் ரிப்பேர். என் காதும் சரியில்லபோல. காரை நாளைக்கே பல் டாக்டருக்குக் குடுத்துடறேன்" என்றார்.

அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்க. உங்க உதடு எனக்கு நல்லாத் தெரியுது."

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள். கூண்டுக்குள் காற்றில்லை, பொத்தான் பிசுபிசுக்கிறது, தரையைத் துடைப்பதில்லை என்று என்னென்னவோ சொன்னாள். என் அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவள் அழுதது அப்படித்தான். நர்ஸம்மாவும் பழகியவர்போல எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டார்.

சில நாளில் அக்காவின் இரண்டு காதுகளுக்கும் காது கேட்கும் மெஷின் வந்து சேர்ந்தது. அத்தானே மாட்டிவிட்டார். வெளியே வருவதற்குள் அக்காவுக்கு ஆயிரம் புகார். செருப்பு கீச்சிடுகிறதாம், மின்விசிறி அரைக்கிறதாம்.

"டேய், நீ ஏன்டா இப்படிக் கத்துறே?" என்றாள் என்னிடம்.

இத்தனை வருஷம் யாருக்காகக் கத்தினேன் என்று நான் சொல்லவில்லை. காருக்குள் புகுந்து என் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வளைவிலேயே அக்கா கையைத் தூக்கினாள். அத்தான் ஓரமாக நிறுத்தினார். அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினாள், மறுபடியும் திறந்து மூடினாள், விரலால் தட்டிப் பார்த்தாள். இருநூறு தறியில் எந்தத் தறி நோஞ்சான் என்று கண்டுபிடிக்கிறவள் அல்லவா? இதில் மட்டும் ஏமாறுவாளா?

"இதுக்குள்ள இருக்கு" என்றாள்.

பட்டறைக்குப் போனோம். சரிபண்ணிரலாம் கதவின் உள்பலகையைக் கழற்றினார். ஜன்னல் கண்ணாடி இறங்குகிற இடுக்கின் வழியாக விழுந்து, அடியில் உருண்டுகொண்டிருந்த எவர்சில்வர் விசில் டணாரென்று தரையில் விழுந்தது. இரண்டு வருஷம் சக்கரத்தையும் இன்ஜினையும் பிரித்து மேய்ந்த இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அக்கா அவர்கள் இருவரையும் பார்த்தாள். அப்புறம் விசிலைத் துடைத்து வாயில் வைத்து ஓர் ஊது ஊதினாள்.

ஊதியவளே துள்ளிவிட்டாள். "அடியாத்தி, இவ்வளவு சத்தமா!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். தெருவில் போன நாலு பேர் நின்று திரும்பினார்கள். திரும்பாத ஒரே ஆள் சரிபண்ணிரலாம்தான். அவர் பாட்டுக்குக் கதவில் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ஆஸ்பத்திரிப் பக்கம் வாங்க" என்று காதருகே போய்ச் சொன்னார்.

"சரிபண்ணிரலாம் சார்" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது முதல் சிக்னலில் அத்தான் இன்ஜினை அணைத்தார். அதனால்தான் இது என் காதில் விழுந்தது.

"ரெண்டு வருஷமா கார்ல ஏதோ முணுமுணுத்துட்டே வந்தீங்களே, என்ன சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். "உன்கூடத்தான் பேசிட்டு வந்தேன். வீட்டுல நல்லாத்தான் பேசுறே. கார்ல ஏறினா வாயே திறக்க மாட்டேங்குறே. இந்தச் சத்தம்தான் உனக்குப் புடிக்கலையோன்னு நினைச்சேன். கேக்கலைன்னு நீ கோவத்துல சொல்றேன்னு பட்டுச்சு. அது நின்னா நீ பேசுவேன்னு ஒவ்வொண்ணா மாத்திட்டு வந்தேன்."

"நீங்க ரோட்டைப் பாத்துட்டே பேசினா எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்திருந்தது. நானும் மூக்கை உறிஞ்சினேன். முழங்கால் தாடையில் இருந்ததால் அதிகம் காட்டிக்கொள்ள முடியவில்லை.

விளக்கு மாறியது. சைலன்சர் என்னை விழுங்கிக்கொண்டது. முன்னால் இப்போது அக்காவின் உதடு அசைவது கண்ணாடியில் தெரிந்தது. அசைந்தது, அசைந்தது, நிற்கவே இல்லை. அடுத்த சிக்னலில் இன்ஜின் அணைந்தபோது அவள் மில் மேனேஜரில் ஆரம்பித்து அவர் மைத்துனியின் நாத்தனார் வரைக்கும் வந்திருந்தாள்.

"கொஞ்சம் இரு, ஏதோ சத்தம் கேக்குற மாதிரி இல்ல?" என்றார் அத்தான், கடைவாயில் சிரிப்போடு.

"அது நான்தான். அதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது, கம்முனு கேளுங்க" என்றாள் அக்கா.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அத்தான் இன்ஜினைப் போடவில்லை.