வாய்க்காரியின் சாக்ஸபோன்

எங்கள் பாடசாலை பேண்டுக்கு நடக்கத்தான் தெரியும். விளையாட்டுப் போட்டியில் மைதானத்தைச் சுற்றி நடக்கும். பரிசளிப்பு விழாவில் அதிதியை வாசலிலிருந்து மேடை வரைக்கும் அழைத்துக்கொண்டு நடக்கும். அதே பிள்ளைகளை ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஜாஸ் வாசிக்க வைக்கலாம் என்று ஆசைப்பட்டது நான்தான். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. இதே பாடசாலையில் படித்த காலத்தில் பேண்டில் டிரம்பட் ஊதினேன். மிச்சமெல்லாம் ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பாடசாலை அதிபர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "உக்காந்துகிட்டு வாசிச்சா, கேக்குற ஆளுங்க தூங்கிற மாட்டாங்களா?"

சனிக்கிழமை காலையில் பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை. டயகம பக்கத்துப் பிள்ளைகள் விடிந்ததும் விடியாததுமாக பஸ் பிடித்து வருவார்கள். குளிரில் டிரம்பட்டுகள் சுருதி இறங்கிக் கிடக்கும். அவற்றை ஸ்வெட்டருக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு சூடேற்றுவார்கள். மழை பிடித்தால் தகரக் கூரை எங்களைவிடச் சத்தமாக வாசிக்கும். டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல அவரு முடிக்கட்டும் சேர்" என்பான்.

ஒருவருக்கும் சொந்த வாத்தியம் கிடையாது. எல்லாம் பாடசாலையில் பூட்டியிருக்கும். அதனால் பஸ்ஸில் வாயாலேயே பழகினார்கள். பின்சீட்டில் டிராம்போன், ஜன்னலோரம் டிரம்பட், நடுவில் சாக்ஸபோன் என்று ஆளுக்கொரு பங்கைப் பாடிக்கொண்டே வந்து இறங்குவார்கள். நான் புதிதாக ஒரு பாட்டு கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை அது பழசாகியிருக்கும். வாத்தியமே கையில் இல்லாமல் இப்படித் தேறிவந்த பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாக்ஸபோன் வரிசையில் மூத்தவள் ஒருத்தி. பெரிய வாய்க்காரி. "இந்தப் பொட்டிக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்று, வெளியூர்ப் போட்டிக்கு வாத்தியங்களோடு போன ஒரு நாளில் பஸ் கண்டக்டர் வாத்தியப் பெட்டியைக் காட்டியபோது, "அது உக்கார்ற சீட்டக் காட்டுங்க, எடுக்கிறோம்" என்றவள். பாடசாலையின் கடைசிப் பரீட்சையான உயர்தரம் எழுதி முடித்திருந்தாள். எங்கள் ஹட்டன் கச்சேரி முடிந்ததும் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அதோடு சாக்ஸபோன் கையை விட்டுப் போய்விடும்.

"போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ தனியா வாசிக்கணும் சேர். எங்கம்மா பாக்கணும்" என்று அவளே வந்து கேட்டாள். ஒரு பாட்டில் இடம் கொடுத்தேன்.

ஜாஸில் தனியாக வாசிக்கும் இடம் சுரம் எழுதிய காகிதத்தில் காலியாகத்தான் இருக்கும். அங்கே வாசிப்பவரே அந்த நிமிடத்தில் தனக்குத் தோன்றியதை வாசிக்க வேண்டும். முதல் ஒத்திகையில் அந்த இடம் வந்தது. எழுந்தாள். சாக்ஸபோனை நெஞ்சோடு இறக்கினாள். குதிகால் இரண்டையும் சேர்த்து, நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நடக்கிற பேண்டில் அதுதான் சட்டம்: உன் பங்கு இல்லாதபோது அட்டென்ஷன். அவளைப் பார்த்து சாக்ஸபோன் வரிசை முழுவதும் எழுந்து அதே மாதிரி நின்றது.

"ஏம்மா வாசிக்கல?"

"பேப்பர்ல ஒண்ணுமே இல்லியே சேர்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. விளக்கிச் சொன்ன பிறகும் வாரா வாரம் அதே கதைதான். "என்ன வாசிக்கலாம்னு யோசிக்கிறதுக்குள்ள எடம் போயிருது. காலு தானா சேந்துக்குது" என்றாள். கடைசியில் அவளே, "இன்னொரு தடவ நின்னேன்னா என் எடத்த வெட்டிருங்க சேர்" என்றாள். அன்று அவள் குரலில் வாயாடித்தனம் துளியும் இல்லை.

தேத்தண்ணி இடைவேளையில் டிராம்போன்காரர்கள், வாத்தியத்தின் நீளக் குழாயை முன்னும் பின்னும் இழுத்தபடி, அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அட்டென்ஷன் அக்கா! கொடி ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சுடா. கயிறு பத்தல. ஒன் டிராம்போன இழுத்து முடிச்சுப் போட்டிருக்கோம்."

மண்டபமே சிரித்தது. நான் கேட்டேன்: "இதுக்கு யோசிச்சியா?"

"இவனுங்களுக்குப் பதில் சொல்ல யோசிக்கணுமா சேர்?"

அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது. கேலியை டிராம்போனில் ஊதச் சொன்னேன். 'அட்டென்ஷன் அக்கா' என்று அவர்கள் வழுக்கிக்கொண்டு ஊத, இவள் சாக்ஸபோனை எடுத்துப் பட்டென்று ஒரு பதில் போட்டாள். பாதி பிசிறு. ஆனால் பதில். அடுத்தது இன்னும் நீளம். அதை அப்படியே பாட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் அம்மா திருவிழாச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய இடம் வந்தது. எழுந்தாள். டிராம்போன்கள் கேலியை ஊதின. சாக்ஸபோன் நெஞ்சுக்கு இறங்கியது. குதிகால் சேர்ந்தது. இத்தனை முகங்களைப் பார்த்ததில் அத்தனையும் மறந்துபோனது போலிருந்தது. இவளை விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போவதா என்று டிரம்பட் வரிசை என்னைப் பார்த்தது.

நான் கையைத் தூக்குவதற்குள், டிராம்போன்காரர்கள் கேலியை மறுபடியும் ஊதினார்கள், முன்னைவிடச் சத்தமாக. அவர்களில் ஒருவன் எழுந்து நின்று அவளுக்கு சல்யூட் வேறு அடித்தான். கூட்டம் சிரித்தது. அவள் முகவாய் மேலே போனது. இவனுங்களுக்குப் பதில் சொல்லும் அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

விறுக்கென்று அவன் பக்கம் திரும்பி ஊத ஆரம்பித்தாள். குத்தலாக, நீட்டி முழக்கி, நடுவில் மூச்சு வாங்கி மறுபடி பிடித்து, அவர்கள் ஒன்று சொல்ல இவள் மூன்று சொன்னாள். குறித்த இடம் தாண்டிப் போனது. முடிக்கச் சொல்லிக் கை காட்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மற்ற வரிசைகள் தாமாகவே பின்வாசிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு அவளைத் தாங்கிக்கொண்டிருந்தன. நான் கையை இறக்கிவிட்டேன்.

சபைக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றாள். முன்வரிசையிலிருந்து அவள் அம்மா கத்தினார்:

"ஏய், இந்தப் பக்கம் திரும்புடி!"

வாசிப்பை நிறுத்தாமலே திரும்பினாள்.