நிதானம் என்றும் பயம் என்றும்

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு ஹோட்டலின் மாடிக் கூடத்தில் மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டாளர்கள் கூட்டம். காட்டூரிலிருந்து என் அக்காவும் அவளுடைய கொழுந்தனாரும் வந்தார்கள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து போனேன். காவிரிப் பாலத்து நெரிசலையும் யோசித்துக் கிளம்பியதால் மூவரில் நான்தான் முதல்.

அத்தான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வந்த பணத்தில் பெரும்பகுதியை அக்கா பங்குச்சந்தைத் திட்டம் ஒன்றில் போட்டிருந்தாள். கொழுந்தனார் சொன்ன திட்டம் அது. அதை நடத்திய ஃபண்ட் மேனேஜர்மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. முந்தின ஆண்டு இதே கூடத்தில் அந்த மேனேஜர் பேசியதை நாங்கள் மூவருமே கேட்டோம். ஆனால் அதை வாரக்கணக்கில் சிலாகித்தவர் கொழுந்தனார் ஒருவரே.

பிறகு அந்த மேனேஜர் விலகி, அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தார். உடனே பணம் முழுவதையும் எடுத்து வேறு திட்டத்தில் போட்டுவிட வேண்டும் என்று கொழுந்தனார் நின்றார். பெண்கள் பயந்து பயந்து முதலீடு செய்வார்கள், பணம் வளராது என்பது அவர் கட்சி. அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை. அக்கா, முதலில் அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்கலாம் என்றாள். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிச் செலவுக்கு அந்தப் பணத்தை விட்டால் வேறு வழி இல்லை.

புதிய மேனேஜர் தாம் தப்பாக வாங்கிய ஒரு பங்கைப் பற்றிச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், வீட்டையும் கவனித்துக்கொண்டு மார்க்கெட்டையும் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். மேனேஜர் உடனே பதில் சொன்னார்.

"சமையலுக்கு ஆள் இருக்குங்க. மார்க்கெட்டுக்குத்தான் இல்ல."

அடுத்து ஒரு அம்மா எழுந்து, சிக்கனம் பெண்களின் ரத்தத்திலேயே இருக்கிறது, இனி லாபம்தான் என்று பாராட்டினார். கூடம் கைதட்டியது. மேனேஜர் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"பொம்பளைங்கிறதுக்காக என்கிட்ட போடாதீங்கம்மா. அதே காரணத்துக்காக நாளைக்கு எடுத்துடுவீங்க. எதை வாங்குறேன், ஏன் வாங்குறேன்னு பாருங்க."

பிறகு அக்கா கை தூக்கினாள். மைக் பிடித்து அவள் பேசி நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் மகளுக்குப் பணம் தேவைப்படும், அதுவரை இந்தத் திட்டத்திலேயே வைத்திருக்கலாமா என்று நேராகக் கேட்டாள். ஓரிரு வருடத்தில் வேண்டிய பணத்தைப் பங்குச்சந்தையில் வைக்கக் கூடாது, அந்த அளவை மட்டும் எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள் என்றார் மேனேஜர்.

கூட்டம் முடிந்து கேசரி, போண்டா, காபி. கொழுந்தனார் போண்டாவோடு வந்தார்.

"பார்த்தீங்களா அண்ணி? தன் கையில இருக்கிற பணத்தையே எடுத்துக்கோங்கிறாங்க. இவ்வளவு பயந்தா எப்படி?"

அக்கா காபியைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இதையேதான் கேட்டாரு, தம்பி. அப்ப இருந்த மேனேஜர் சாரும் இதையேதான் சொன்னாரு. வீடு வர்ற வரைக்கும் என்ன நிதானம், என்ன நிதானம்னு சொல்லிட்டு வந்தது நீங்கதான்."

"அவர் சொன்னது வேற, அண்ணி."

"என்ன வேற?"

அக்கா குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொழுந்தனார் இன்னொரு போண்டா எடுக்கப் போனார். அக்கா நினைவுபடுத்தும்வரை, அந்தப் பெண் கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அக்கா கல்லூரிக்கு வேண்டியதை எடுத்து வங்கியில் போட்டாள். மிச்சத்தை அப்படியே விட்டுவைத்தாள். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். திட்டம் அதற்குப் பிறகு இறங்கியது, ஏறியது, மறுபடி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதை வைத்துப் பெண் மேனேஜர்கள் கெட்டிக்காரர்கள் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு வழியில்லை. அது அந்த ஒருவரின் கணக்கு, அவ்வளவுதான்.

எனக்கு தினமும் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. இப்போதெல்லாம் யாரையாவது பயந்தவர் என்று எழுதப் போனால், இதையே இன்னொருவர் செய்திருந்தால் என்ன வார்த்தை போட்டிருப்பேன் என்று பேனாவை நிறுத்தி யோசிக்கிறேன். பல நாட்களில் அந்த வரியை எழுதாமலே விட்டுவிடுகிறேன்.