கோட்டைச்சாமியும் ஒரு குடம் தண்ணீரும்

கோட்டைச்சாமி குடத்தைச் சாய்க்கிறார். தண்ணீர் ஓடுகிறது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தபடி அவரும் அதன் கூடவே நடக்கிறார். வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் பார்த்து நிற்கிறார். தண்ணீர் சிமென்ட் ரோட்டைத் தொட்டுவிட்டால் அனுமதி கிடையாது.

விருதுநகரின் ஓரத்தில் பிளாட் வாங்கியவர்கள், நகராட்சியைக் கேட்டு அலுத்துப்போய், கைக்காசில் போட்டுக்கொண்ட ரோடு அது. அதைப் பராமரிக்க ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு செயலாளர். தேர்தல் நடந்த அன்று கோட்டைச்சாமி ஊரில் இல்லை. ஆகவே ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிழைப்புக்கு மிளகாய் மண்டியில் எடை போடுகிறார், வாழ்வதென்னவோ ரோட்டுக்காகத்தான். சிமென்ட் தேய்ந்துவிடுமே என்று தம் சைக்கிளை ஓரத்து மண்ணில்தான் உருட்டுகிறார். மாடு எதிரே வந்தால் வழிமறித்து, மண்ணில் இறங்கி நடக்குமாறு கேட்டுக்கொள்கிறார். சில மாடுகள் கேட்கின்றன.

இந்த ரோட்டைப் பார்த்து வண்டி வாசல் திறக்க அவர் சம்மதம் வேண்டும். மனு, முத்திரை எதுவும் தேவையில்லை. ஒரு குடம் தண்ணீர் போதும். அதுவும் கேட்பவர் வீட்டுத் தண்ணீர். வாசலில் ஊற்றினால் அது காம்பவுண்டுக்குள்ளேயே திரும்பிவிட வேண்டும். “மழைத் தண்ணி ரோட்டோரத்துல எறங்குச்சுன்னா சிமெண்டு பொளந்துரும்ல” என்பார். மழை வராது என்று நம்பித்தான் பக்கத்து ஊர்களில் பட்டாசைக் காயவைக்கிறார்கள். ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாள் தெருவுக்கே திருநாள். அதில் ஒரு குடத்தைத் தரையில் கொட்டித்தான் வராத மழையிடமிருந்து ரோட்டைக் காக்கிறார்.

2006 ஆடியில் வேலுத்தாய் வாசல் கேட்டாள். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காலி அட்டைப்பெட்டி ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ அவர்களுடையது. ஓட்டுவது கணவர் முனியசாமி. வீட்டின் முன்சந்தில் ஆட்டோ நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்தியதில் பேட்டரி களவுபோய், ஒரு லோடு தாமதமானது. இன்னொரு தரம் இப்படியானால் தீபாவளி சீசன் ஆர்டர் வேறு வண்டிக்குப் போய்விடும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வீட்டின் பின்பக்கம் இந்த ரோடு. சுவரை இடித்து வாசலும் வைத்தாகிவிட்டது, பாக்கி கோட்டைச்சாமிதான்.

முதல் குடம் ரோட்டுக்கு ஓடியது. கொத்தனார் வந்து கொத்திப் பூசினார். இரண்டாவது குடமும் ஓடியது, சற்றே தயங்கி. மூன்றாவது குடத்தன்று முனியசாமி நம்பிக்கையோடு ஆட்டோவையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வெள்ளம் மொத்தமும் உள்ளே திரும்பியது. விரல் தடிமனில் ஒரு கீற்று மட்டும் வழிதவறி ரோட்டைத் தொட்டது. கோட்டைச்சாமி நிமிர்ந்தார்.

“தண்ணி பொய் சொல்லாதுத்தா. இன்னொருக்கா பூசச் சொல்லு.”

வேலுத்தாய் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நேர் எதிரே இருந்த அவர் வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தாள்.

“அண்ணாச்சி, அந்தப் பொய் சொல்லாத தண்ணிய உங்க வாசல்லயும் ஊத்திக் கேட்டுப் பாப்பமா?”

அது சங்கம் பிறக்குமுன் கட்டிய வாசல் என்று அவர் விளக்கத் தொடங்கினார். அதற்குள் அவர் மனைவி சொர்ணலட்சுமி நிறைகுடத்தோடு வெளியே வந்துவிட்டார், இத்தனை வருஷமும் இதற்காகவே பிடித்துவைத்திருந்ததுபோல. “ஊத்துத்தா. இவுக வாசல் யோக்கியதைய நானும் பாக்குறேன்” என்று குடத்தை வேலுத்தாயிடம் நீட்டினார்.

தண்ணீர் யோசிக்கவே இல்லை. வாசற்சரிவில் குதித்து, நேரே ரோட்டை நோக்கி வந்தது. ஆட்டோவிலிருந்து முனியசாமி தலையை நீட்டினார்.

கோட்டைச்சாமி தோளில் கிடந்த துண்டை உருவினார். தம் வாசலெதிரே ரோட்டோரம் மண்டியிட்டு, அதைத் தண்ணீருக்குக் குறுக்கே அணையாகப் போட்டு, ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். துண்டு ஊறத் தொடங்கியது. தலையை நிமிர்த்தாமலே மறு கையைத் தூக்கி, வண்டியை உள்ளே விடச் சொல்லி முனியசாமிக்குச் சைகை காட்டினார்.