இடக்கை முருகன்

சித்தப்பாவின் கைபட்டது எதுவும் உருப்படாது என்று காஜா பெராங் ஊரில் எங்கள் வீடு உறுதியாக நம்பியது. இன்று மரவள்ளிக்கிழங்கு உரிக்கையில் விரலில் ஒட்டிய பாலின் பச்சை வாடை, ஜப்பான்காரன் காலத்து அந்த நம்பிக்கையை நினைவூட்டியது.

யாரிடமும் பயிலாமல் அவர் கொட்டாங்கச்சியைச் செதுக்கினார், ரப்பர் பாலை வார்த்தார், களிமண்ணைப் பிசைந்தார். ஒருமுறை முருகன் படத்தைப் பார்த்து மரத்தில் அச்சு வெட்டி, கிழங்கு மாவையும் மரத்தூளையும் குழைத்து அழுத்தினார். அச்சில் உருவத்தைத் திருப்பி வெட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. வேல் இடக்கைக்கு வந்துவிட்டது.

"தின்கிற மாவைக் கெடுத்ததுமில்லாம, சாமிக்கும் சோத்துக்கை தெரியலையாடா?" என்று அப்பா சிரித்தார்.

"எந்தக் கையில இருந்தாலும் குத்தும்ண்ணே," என்றார் சித்தப்பா.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டார்கள்; போனவர்கள் திரும்புவது அரிது. பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. அவர் பூஜையறையின் வெண்கல முருகனைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய், பட்டியல் எழுதும் கிராணியிடம் கொடுத்தார். மறுநாள் அந்த இடத்தில் சித்தப்பாவின் பெயர் இருந்தது.

காலியான பீடத்தில் இடக்கை முருகனை வைத்து, "நாகப்பட்டினத்து வேலைப்பாடு," என்று வந்தவர்களிடம் அப்பா பெருமை பேசினார். குரலில் கூச்சத்தின் சாயல்கூட இல்லை. அதன்பின் அவரை என்னால் மதிக்க முடிந்ததில்லை.

முதுமைவரை அந்த முருகனைத்தான் அவர் கும்பிட்டார். சித்தப்பா திரும்பவில்லை. இப்போது இந்த வீட்டில் நானும் இடக்கை முருகனும் இருக்கிறோம்.