மச்சம் என்று சொல்லிவிட்டேன்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. தூறல். கல்வராயன் மலை பாதிதான் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். சின்னசேலத்திலிருந்து நானும் மனைவியும் போயிருந்தோம். டோக்கன் முப்பத்தேழு.

என் வலது குதிகாலடியில் ஒரு கறுப்பு. பதினான்கு மாதத்துக்கு முன் அது கிடையாது. முதலில் கண்டபோது இரண்டு மில்லிமீட்டர், அன்றைக்கு ஒன்பது. ஞாயிறுதோறும் அளந்திருக்கிறேன்.

"உள்ளங்கால்ல மச்சம் வந்தா யோகம். அதப் போயி ஸ்கேல் வெச்சி அளந்துகினு கீறீங்களே" என்பாள் மனைவி. யோகத்துக்கு ஓரம் ஏன் கிழிந்த காகிதம் மாதிரி இருக்கிறது என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நர்ஸ் செல்போனில் குதிகாலைப் படம் எடுத்தாள். படத்தையும் நாம் சொல்லும் பதில்களையும் வைத்து, புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம்.

"இன்னாங்க தாத்தா இது?"

"மச்சம்" என்றேன். வீட்டில் கேட்டுக் கேட்டு வாயில் வந்துவிட்டது. அவள் 'பிறவி மச்சம்' என்று தட்டினாள். திரையில் பச்சை வந்தது.

"ஒண்ணுமில்ல தாத்தா, போய்ட்டு வாங்க."

"பொறவி இல்லம்மா. பதினாலு மாசம்தான் ஆவுது. மாத்திப் போடு."

"நீங்கதான மச்சம்னீங்க? அனுப்பிட்டா மாத்த முடியாதுங்க. பின்னாடி கூட்டம் ஜாஸ்தியா நிக்குது."

"அப்ப நானும் பின்னாடி நிக்கறேன்."

"மானம் போவுது, வாங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். என் கால், என் வரிசை. நகரமாட்டேன் என்றேன். புது டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு மணி ஐம்பது நிமிடம் நின்றேன்.

அதே நர்ஸ், அதே செல்போன், அதே குதிகால். மச்சம் என்ற சொல்லை மட்டும் நான் வாயில் எடுக்கவில்லை. "புதுசா வந்த கறுப்பு. ரெண்டு மில்லிமீட்டர் இருந்தது ஒம்போது ஆயிருக்குது" என்றேன்.

சிவப்பு. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய்தான். கறுப்பைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

"யோகம்னியே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கால் தங்கிச்சே, அது இன்னாவாம்?"

தங்க வைத்தது நான். அதற்கு ஆனது, பஸ், சோதனை, மருந்து, அளவெடுத்துத் தைத்த செருப்பு எல்லாம் சேர்த்து, பதினெட்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு ரூபாய்.