புழுதிமேல் நான் போட்ட பழி

போன வருஷம் காற்றுக் காலத்தில், தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவர என்னால் முடியவில்லை. நாற்பத்து நான்கு வயதில் நடுவழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சுக்குத் தவித்தேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

"இன்னாங்க, இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டாள் என் மனைவி ஸ்டெல்லா.

"அந்த மேட்டுப் புழுதிதான். வேற இன்னா?" என்றேன்.

எங்கள் வீடு பழைய தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், சுரங்கம் மூடியும் மலைபோல் அங்கேயே கிடக்கிறது. காற்றடித்தால் சோற்றுத் தட்டில்கூட விழும். இங்கே யார் இருமினாலும் அதைத்தான் சொல்வோம். பல பேருக்கு அது உண்மையும்கூட. என் அப்பா சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுத்தான் இறந்தார். அதனால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

நானோ ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை, அங்கேதான். சட்டையில் வாடை அடித்தால், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன்மேல் பழி போடுவேன். கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக ஸ்டெல்லாவிடம் சத்தியம் செய்திருந்தேன்.

அவள் சபையில் எனக்காக ஜெப விண்ணப்பம் கொடுத்தாள். முன்னால் போய் முழங்கால் போட்டேன். அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்கள் இரண்டு பேர், தங்களுக்கே மூச்சு இழுக்க, என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். மறுநாள் காலையிலேயே போய்ப் பற்ற வைத்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இப்போதும் தோன்றும்.

ஸ்டெல்லா அதோடு நிற்கவில்லை. பதினோரு வருஷம் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"பூதிகோட்டையில எங்கண்ணன் வூடு காலியா கீது. அங்க இந்தப் புழுதி இல்ல. உங்க உயிரவிட எனக்கு வேலை பெருசா?" என்றாள்.

பிள்ளைகள் வரைந்து கொடுத்த படங்களை அவள் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். நான் பக்கத்தில் நின்று கயிறு கட்டினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் முதல்முறையாக உண்மையாக ஜெபித்தேன்: "ஆண்டவரே, என் மூச்சு போனாலும் போகட்டும். இந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்ல வையும். எனக்குத் தைரியம் இல்லை."

அந்த ஞாயிறு எங்களை வழியனுப்பி ஜெபிக்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னை ஒரு வார்த்தை பேசச் சொன்னார் போதகர். "புழுதி இல்லை, சிகரெட்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது ஸ்டெல்லா எழுந்து வெளியே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வேலையைத் திரும்பக் கேட்டாள். "வேற டீச்சரப் போட்டுட்டாங்களாம்." இவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

நாங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. நான் சிகரெட்டைத் தொடவில்லை. முதலில் இருமல் கூடத்தான் செய்தது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, நிறுத்திய புதிதில் சிலருக்கு அப்படித்தான், தினமும் மெதுவாக நடங்கள், மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நிதானமாக விடுங்கள் என்றார். மூடிக் கிடக்கும் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்து மைதானத்தில் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் அரைச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இழுக்கும்போது "இயேசுவே", விடும்போது "மன்னியும்". வேறு ஜெபம் வரவில்லை. இரண்டாம் மாதம் நிற்காமல் மூன்று சுற்று நடந்தேன். ஐந்தாம் மாதம் ஓடினேன். அதே ஊர், அதே புழுதிதான்.

ஸ்டெல்லா இப்போது பங்காரப்பேட்டை தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போகிறாள். போன வாரம் பஸ் நகர்ந்துவிட்டது. நான் பின்னாலேயே ஓடித் தட்டி நிறுத்தினேன். மூச்சு வாங்கவே இல்லை. அவள் ஏறும்போது என்னைப் பார்த்தாள்.

"நல்லா ஓடுறீங்க," என்றாள். சிரிக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, பொய் சொல்லி வாங்கிய ஜெபத்துக்கும் ஆண்டவர் பதில் கொடுத்தார். நன்றி சொல்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். மறைத்து வைத்திருப்பதை நீங்களும் அவரை நம்பிச் சொல்லிவிடுங்கள். அவர் கைவிட மாட்டார். ஆனால், உங்களுக்காக ஒருவர் எதையாவது விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.