எதிர்வீட்டுக் கதவு

கான்சாபுரத்தில் அந்த வீட்டை ஐயாதுரை வாங்கியபோது, விலை ஏன் அவ்வளவு தணிவு என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. விற்ற அண்ணன் தம்பி இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் குடிபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. பால் காய்ச்சிய பன்னிரண்டாம் நாள் ஐயாதுரை கொத்து வேலைக்கு மறுபடி சவுதி கிளம்பினான். அது எண்பத்தைந்து, ஆனி மாதம்.

அவன் மனைவி செல்லக்கனி கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பெண். புது ஊரில் எதிர்வீட்டு ஆவுடையம்மாளை விட்டால் அவளுக்குப் பேச்சுத் துணை கிடையாது. பிள்ளையும் இல்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் கை ஓடாது. அதனால் ஐயாதுரை ஒரு டேப் ரிக்கார்டரை விட்டுப் போயிருந்தான்.

“நீ ஒண்ணும் எழுத வேண்டாம். இங்கன கேக்குற சத்தத்தை அப்படியே புடிச்சு அனுப்பு. அங்க மணலும் மிசினுந்தான். நம்மூர்க் காக்கா கத்துனாக்கூடப் போதும்.”

அவளும் பிடித்தாள். வத்திராயிருப்பிலிருந்து வரும் காலை பஸ் ஊர் மந்தைப் பொட்டலில் திரும்புவது, பம்ப்செட் தண்ணீர் தொட்டியில் விழுவது, அம்மியில் தேங்காய் நசுங்குவது. கோழியை விரட்டி ஆவுடையம்மாள் வைத வசவும் விழுந்தது. வைது முடித்ததும், “நல்லா விழுந்துச்சா? இன்னொரு தரம் வையட்டா?” என்று அவள் கேட்டதும் சேர்ந்தே விழுந்தது.

கேசட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆடிக் காற்று அடித்த ஒரு மத்தியானம், சாத்திய வாசல் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் பெட்டியை வைத்து, சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டுக் கீழே படுத்துக்கொண்டாள். தெருவே அடங்கிக் கிடந்தது.

ராஜபாளையத்திலிருந்து சவுதி போன ஒருவர் கையில் கேசட் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, மறுபக்கத்தில் ஐயாதுரை பேசித் திரும்பி வந்தது. கோழி வசவுக்கு மூன்று நாள் சிரித்ததாகச் சொன்னான். பிறகு, “கடைசியில ஒரு பொம்பளை ஆவுடை மதினியைக் கூப்பிடுதாளே, யாரு அது? நம்ம வாசல்ல நின்னுல்ல கூப்பிடுதா. பாவமாயிருக்கு. மதினி தொறந்தாவளா?” என்று கேட்டிருந்தான்.

செல்லக்கனி கேசட்டைத் திருப்பிப் போட்டாள். காற்று. காகம். அப்புறம் பெட்டியை ஒட்டினாற்போல், தொண்டை வறண்ட ஒரு குரல்.

“ஆவுடே… ஏட்டி ஆவுடே. செத்த நேரம் கதவைத் தொற. நிழலுக்கு உக்காந்துட்டுப் போயிருதேன்.”

இரண்டு தடவை அதே சொல். மூன்றாம் தடவை பேச்சு இல்லை. எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும். அதோடு நாடா முடிந்துபோனது.

பெட்டியை வைத்துப் படுத்த அன்றைக்கு அவள் தூங்கவில்லை. சுவரில் எறும்பு ஊர்ந்த வரிசைகூட நினைவிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி நின்று பேசியது மட்டும் காதில் விழவில்லை. தனியாக இருக்க முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் அந்தக் குரலைக் கேட்டாள். கை நின்றுபோனது.

“திரும்பப் போடு.”

போட்டாள்.

“அங்காளம்மா” என்றாள் ஆவுடையம்மாள். “உன் வீட்டுல இருந்தவ. புருசன் செத்து பதினாறு முடிஞ்ச மறுநா, உங்களுக்கு வீட்டை வித்த கொழுந்தனுவ ரெண்டு பேரும் அவளை வெளிய தள்ளிக் கதவைப் பூட்டிட்டானுவ. சித்திரை வெயிலு. வாசல்லயே நின்னு என்னையக் கூப்பிட்டா. தொறந்தா நம்மளையும் வெட்டுவானுவன்னு எங்க வீட்டுல அவிய பயந்துட்டாவ. நான் தாப்பாளுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். அன்னைக்கும் இதேதான் கேட்டா. ஒரு சொல்லு மாறல.”

“பொறவு?”

“பொறவு சத்தத்தக் காணோம். பொழுது சாயத் தொறந்து பாத்தேன், ஆளில்ல. வத்திராயிருப்பு ரோட்டுல நடந்து போனதாச் சொன்னாவ. பதிமூணு வருசம் ஆச்சு. இருக்காளா செத்தாளான்னே தெரியாது.”

அன்றிலிருந்து ஆவுடையம்மாள் பகலில் கதவைச் சாத்துவதில்லை. புழுதி வந்து படிந்தது. ஆடுகள் உள்ளே புகுந்து தானியத்தைத் தின்றன. அவள் நிலையில் சாய்ந்து எதிர்வாசலையே பார்த்திருப்பாள்.

செல்லக்கனி நாலு நாள் தாய்வீட்டில் போய் இருந்தாள். வீட்டை விற்கச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் வந்தவள் நிழல்தானே கேட்டாள் என்ற நினைப்பு விடவில்லை. திரும்பி வந்து, உச்சிப்பொழுதில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் வாசலைப் பார்த்துக் கூச்சத்தோடு சொன்னாள்:

“அக்கா, இங்க வாங்க. இது உங்க வீடுதான?”

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

தை மாதம் அடுத்த கேசட் போனது. பங்குனியில் மறுபக்கத்துப் பதிலோடு அது திரும்பி வந்தது. “இந்தத் தடவை யாரும் கூப்பிடல. ஆனா நீ அரிசி பொடச்சுக்கிட்டே பேசுதேல்ல, பக்கத்துல உக்காந்து யாரோ ‘ம்’ கொட்டுதாவ. மதினியா?”

அவள் தனியாக இருந்துதான் பேசியிருந்தாள். போட்டுக் கேட்டாள். ஆமாம், ‘ம்’ இருந்தது. கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டியது. துக்கமான இடத்தில் குரல் தாழ்ந்தது. அவள் சிரித்த இடத்தில், கொஞ்சம் பிந்தி, இன்னொரு சிரிப்பும் கேட்டது. சட்டென்று பெட்டியை அணைத்தாள். புருஷனுக்கு, ‘ஆமா, மதினிதான்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டாள்.

நாளாக நாளாகப் பயம் மட்டுப்பட்டது. வேலை செய்துகொண்டே ஊர்க்கதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப் பழகினாள். ஒரு பேச்சுக்கும் மறுபேச்சுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுவாள். காதில் ஒன்றும் கேட்காது. இருந்தும் விடுவாள்.

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆவுடையம்மாள் தினமும் கேட்பாள். “உன் பக்கம் ஏதும் சத்தம் உண்டா?”

“இல்லக்கா.”

வேறென்ன சொல்வது, உங்களைக் கூப்பிட்டவள் என்னிடம் வந்துவிட்டாள் என்றா? ஆறு வருஷம் அதே பதில்தான்.

தொண்ணூற்றொன்றில் ஆவுடையம்மாளுக்குக் கால் வீங்கி நடை நின்றது. ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த மகன் வேன் கொண்டு வந்தான். ஏறுவதற்கு முன் அவள் செல்லக்கனியின் கையில் சாவியை வைத்தாள்.

“உச்சிக்குத் தொறந்து வையி. நான் இல்லன்னு அவ திரும்பிப் போயிரக் கூடாது.”

இனியும் மறைக்க முடியவில்லை. செல்லக்கனி அவள் காதருகே குனிந்தாள்.

“அக்கா, அவிய வந்துட்டாவ. வந்து ஆறு வருசமாச்சு. எங்கிட்டத்தான் இருக்காவ.”

ஆவுடையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னைய ஏதும் சொன்னாளா?”

“பேச மாட்டாவ. ‘ம்’ மட்டுந்தான்.”

“நான் தொறந்து வச்சிருந்தது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. தெனமும் நான் சொல்லுவேன்.”

“அதுக்கு ‘ம்’ போட்டாளா?”

செல்லக்கனி ஆமென்று தலையசைத்தாள். உண்மையில் அது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது பெட்டியை வைத்துப் பிடித்துக் கேட்க அவள் முயன்றதில்லை. வேன் புறப்பட்டது. அடுத்த மாசி மாதம் ஆவுடையம்மாள் ராஜபாளையத்திலேயே இறந்துபோனாள்.

ஐயாதுரை தொண்ணூற்று மூன்றில் ஒரேயடியாக ஊர் வந்தான். எல்லாவற்றையும் கேட்டபின் பயந்தவன் அவன்தான். மத்தியானம் ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மந்தைக்கு, வேப்பமர நிழலுக்குப் போய்விடுவான். செல்லக்கனி எதிர்வீட்டுப் பூட்டைத் திறந்து கதவை அகல வைத்துவிட்டு, தன் வீட்டுக்குள் வந்து அரிசி புடைக்கச் சுளகை எடுப்பாள். விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பாள்.